பி.எட். பயிற்சிக்குப் போகிறீர்களா? திரையை வகுப்புக்குள் கொண்டுபோகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்பித்தல் பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவர்கள் கையில் சார்ட் சுருளோடு பள்ளிக்குள் நுழைந்த காலம் ஏறக்குறைய மலையேறிவிட்டது. இப்போது லேப்டாப், பென்டிரைவ், போன் நிறைய செயலிகள் என்று வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் சறுக்கும் இடங்கள் மட்டும் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கின்றன. கணினி தெரியாததால் சறுக்குபவர்கள் குறைவு. செயலியை முதலில் பிடித்து வைத்துக்கொண்டு அதற்கேற்ற பாடத்தைத் தேடுகிறவர்கள்தான் அதிகம்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெட் தளத்தை அறிவியல் படிப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. பணம் கட்ட வேண்டாம், பல உருவகப் பயிற்சிகள் (பரிசோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கும் சிமுலேஷன்கள்) தமிழிலும் கிடைக்கின்றன. மின்சுற்றுப் பாடத்துக்கு அதில் பேட்டரி, கம்பி, பல்பு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் சுற்று அமைக்கலாம். பயிற்சி ஆசிரியர் என்ன செய்கிறார்? தானே சுற்றை அமைத்து, தானே சுவிட்சைப் போட்டு, "பாத்தீங்களா, பல்பு எரியுது" என்கிறார். பிள்ளைகளும் "ஆமா சார்" என்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாரும் எதையும் யோசிக்கவில்லை.

அதே திரையை வைத்து இப்படிச் செய்து பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்துவிட்டுச் சுவிட்சைப் போடாமல் நிறுத்துங்கள். எது பிரகாசமாக எரியும் என்று கேட்டு, பதிலைக் காரணத்தோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். "முதல் பல்பு கரண்ட்டைக் கொஞ்சம் எடுத்துக்கும், மீதிதான் ரெண்டாவதுக்குப் போகும்" என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். பிறகு சுவிட்சைப் போடுங்கள். இரண்டும் ஒரே அளவில் எரியும், எலக்ட்ரான்கள் சுற்று முழுக்க ஒரே வேகத்தில் நகர்வது திரையில் தெரியும். அந்த நேரத்தில் எழும் சலசலப்புதான் பாடம். மூன்றாவது பல்பைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று அவர்களே கேட்பார்கள்.

இன்னொன்று. பேட்டரி, கம்பி, டார்ச் பல்பு எல்லாம் கடையில் மலிவாகக் கிடைக்கும் பொருள்கள்தான். பல்பு எரிவதைக் காட்டத் திரை தேவையில்லை, அதைக் கையால் செய்யவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான் ஓட்டத்தைக் காட்டத்தான் திரை வேண்டும்.

எல்லார் கையிலும் போன் இருப்பதாக நினைப்பது

கல்லூரி செமினாரில், அவரவர் போனில் பதிலை அழுத்தும் கஹூட் வினாடி வினா பிரமாதமாக ஓடியிருக்கும். அங்கே ஆளுக்கொரு போன் உண்டு. பள்ளியில் மாணவர்கள் போனே கொண்டுவரக் கூடாது. "வீட்டுக்குப் போய் லிங்க்கைத் திறந்து பதில் போடுங்க" என்பதும் உதவாது. வீட்டில் ஒரே போன்தான், அதுவும் அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் கைக்கு வரும் என்கிற பிள்ளை மறுநாள் குற்றவாளிபோல எழுந்து நிற்க வேண்டியிருக்கும்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்கிற கணினி அறை இருக்கிறது. ஆனால் இணையவழித் தேர்வுகளும் அங்கேதான் நடக்கும். நீங்கள் கேட்கும் பாடவேளையில் அது காலியாக இருக்கும் என்று நம்பிப் பாடக்குறிப்பு எழுதாதீர்கள்.

ஆசிரியரிடம் மட்டும் ஒரு போன் இருந்தால் போதும் என்கிற செயலி பிளிக்கர்ஸ். ஒவ்வொரு பிள்ளைக்கும் சதுரமான கறுப்புக் கட்டங்கள் அச்சிட்ட ஒரு தாள் அட்டை. அட்டையை எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுதான் ஏ, பி, சி, டி. நீங்கள் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால் யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது உங்கள் திரையில் மட்டும் வரும். அட்டையில் எழுத்துகள் பொடியாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக் காப்பியடிப்பதும் கடினம். இதிலும் இரண்டு விஷயம் உண்டு. அட்டை கிழியக்கூடாது என்று பளபளப்பான லேமினேஷன் போட்டால் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கும், கேமரா படிக்காது. சின்னப் பிள்ளைகள் விரலால் கட்டத்தை மறைத்துப் பிடிப்பார்கள். ஓரத்தில் பிடிக்க முதல் நாளே பழக்குங்கள்.

கஹூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் வழக்கமான முறையில் சீக்கிரம் பதில் சொன்னவருக்கு மதிப்பெண் கூடும். சரியான பதிலையே கடைசி நொடியில் அழுத்துகிறவருக்குக் கிட்டத்தட்டப் பாதிதான் கிடைக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குப் பாடம் தெரிந்தும் கடைசி இடம்தான். திருப்புதலுக்கு விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம். யாருக்குப் புரிந்தது என்று அளக்க அதை நான் நம்பமாட்டேன்.

பள்ளிக் கணினியில் தமிழ் உடைவது

வீட்டில் பாமினி எழுத்துருவில் அழகாகச் செய்த ஸ்லைடைப் பள்ளிக் கணினியில் திறந்தால், தமிழ் இருந்த இடம் முழுக்க ஆங்கில எழுத்துகள். புள்ளி வைத்த எழுத்து வரும் இடத்திலெல்லாம் ஓர் அரைப்புள்ளி. அந்தக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான் சங்கதி. பழைய வானவில் எழுத்துருவில் அடித்த வினாத்தாளுக்கும் இதே கதிதான். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். அதோடு ஸ்லைடை பிடிஎஃப் ஆகவும் சேமித்து எடுத்துப் போங்கள். பிடிஎஃப்பில் அசைவூட்டம் போய்விடும், பரவாயில்லை. பறந்து பறந்து வரும் எழுத்துகளால் எந்தப் பாடமும் புரிந்ததில்லை.

எழுத்தின் அளவையும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டரில் நீலத்தின் மேல் சிவப்பு தெரியவே தெரியாது. தொடுதிரைப் பலகை உள்ள வகுப்பு என்றால் இன்னொரு எச்சரிக்கை: அது வெள்ளைப் பலகை இல்லை, மார்க்கரை எடுத்து எழுதிவிடாதீர்கள். பதற்றத்தில் செய்கிறவர்கள் உண்டு.

இணையத்தை நம்பி இறங்குவது

யூடியூப் வீடியோவை நேரலையில் ஓட்டினால் நடுவில் விளம்பரம் வரும், பிள்ளைகளுக்கு அதுதான் நினைவில் நிற்கும். போன் ஸ்பீக்கரில் ஓடும் வீடியோவின் சத்தம் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. ஃபெட் உருவகங்களில் பெரும்பாலானவற்றைப் பதிவிறக்கி இணையமில்லாமலே பிரவுசரில் ஓட்டலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் அச்சாகிவரும் கியூஆர் கோடுகளைப் பயிற்சிக்கு வருகிறவர்கள் ஏனோ கண்டுகொள்வதே இல்லை. 2017இல் தொடங்கிய மத்திய அரசின் தீக்ஷா கல்விச் செயலியில் அவற்றை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான உள்ளடக்கம் வரும். முதல் நாளே பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். எல்லாமே தரமாக இருக்கும் என்று சொல்லமாட்டேன், பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அது பாடநூலின் கலைச்சொற்களோடு ஒத்துப்போகும்.

சாட்ஜிபிடியிடம் பாடக்குறிப்பு கேட்பவர்கள் இடறுவதும் இந்தக் கலைச்சொல் விஷயத்தில்தான். அது தரும் தமிழ்ச்சொல் ஒன்றாகவும் பாடநூலில் உள்ளது வேறாகவும் இருக்கும். 40 நிமிடப் பாடவேளைக்குள் குழுச் செயல்பாடு, விவாதம், வினாடி வினா மூன்றையும் அடுக்கிவிடும். எண்களையும் ஆண்டுகளையும் துளியும் தயங்காமல் தவறாகச் சொல்லும். கேட்டு வாங்குங்கள், ஆனால் பாடநூலைப் பக்கத்தில் விரித்து வைத்து வரி வரியாகச் சரிபார்க்காமல் வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள்.

பிள்ளைகளின் விவரங்களை அலட்சியமாகக் கையாள்வது

ஆறு கேள்வி கொண்ட கூகுள் ஃபார்முக்கு எதற்கு அப்பாவின் போன் எண்ணும் பிறந்த தேதியும்? பெயரும் வரிசை எண்ணும் போதும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. மாணவர்கள் பெயரில் புதிய செயலிகளில் கணக்குத் திறக்கும் முன் வழிகாட்டி ஆசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் கேளுங்கள்.

உங்கள் விவரங்களும்தான். போனைப் புரொஜெக்டரோடு இணைத்துவிட்டுப் பாடம் நடத்தும்போது மேலிருந்து வாட்ஸ்அப் செய்தியோ வங்கி ஓடிபியோ இறங்கினால் வகுப்பு மொத்தமும் படிக்கும். அறிவிப்புகளை முதலில் அணைத்துவிடுங்கள். ஸ்டாஃப் ரூம் கணினியில் திறந்த வாட்ஸ்அப் வெப்பை மூடிவிட்டு எழுந்திருங்கள்.

அப்புறம் ரெக்கார்டு நோட்டுக்கான புகைப்படம். பிள்ளைகளின் முகம் தெரிய எடுத்து, அன்று மாலையே ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். ரெக்கார்டுக்குத் தேவை நீங்கள் கருவியைப் பயன்படுத்தியதற்கான சான்றுதான். வகுப்பின் பின்னால் நின்று, பிள்ளைகளின் முதுகும் திரையும் தெரிய ஒரு படம் எடுத்தால் அதற்குப் போதும். அதைக்கூடப் பள்ளியில் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள்.