பழைய துப்பறியும் கதையா? காசு கொடுக்கும் முன் ஒரு கணக்கு

பழைய துப்பறியும் நாவல் ஒன்றை வாங்கும் முன், அதை எழுதியவர் இறந்த ஆண்டைத் தேடிப் பாருங்கள். இறந்து 70 ஆண்டுகள் தாண்டிவிட்டால், அந்த மூலநூல் அநேகமாக இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

பல நாடுகளில் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளோடு இன்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும்; சில நாடுகளில் 50 அல்லது 60. அதன்பிறகு யார் வேண்டுமானாலும் அதை வெளியிடலாம். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் இறந்தது 1930இல்; 70 ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. அமெரிக்காவில் மட்டும் கணக்கு வேறு, பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டைத்தான் பார்ப்பார்கள். அங்கேயும் கடைசி ஹோம்ஸ் கதைகளின் உரிமை 2023 ஜனவரி 1 அன்று தீர்ந்துபோனது. ஆக, அட்டையை மட்டும் பளபளவென்று மாற்றி விற்கும் மின்னூலுக்குப் பணம் தருவானேன்? புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். காதால் கேட்க வேண்டுமா, லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிநூல்கள் இருக்கின்றன. வாசிப்பின் தரம் ஆளுக்கு ஆள் மாறும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மொழிபெயர்ப்புக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு. அவர் காலத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். புதிய முன்னுரை, அடிக்குறிப்புகளோடு வரும் பதிப்புக்கும் அப்படியே. அகதா கிறிஸ்டி 1976இல்தான் இறந்தார் என்பதால், 70 ஆண்டுக் கணக்குள்ள நாடுகளில் 2047 வரை பொறுக்க வேண்டும். சட்டப் புத்தகங்களில் மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம். அங்கே பழையது என்றால், பின்னர் திருத்தப்பட்டுவிட்ட பிரிவின் பழைய வடிவத்தை நம்பி ஏமாறுவீர்கள்.