அம்மாவின் வளையலும் பத்துக் கட்டங்களும்

அப்பா போன பிறகு, ஒருத்திக்காக என்ன சமையல் என்று அம்மா மூன்று வேளையும் மோர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாயோடு நிறுத்திக்கொண்டார். பொங்கலுக்கு மாயவரம் போனபோது கொடியில் துணி போடக் கையைத் தூக்கினார். மணிக்கட்டில் நிற்கும் வளையல் சரசரவென்று முழங்கை வரை இறங்கியது. “இளைச்சா நல்லதுதானே” என்றார்கள் பக்கத்து வீட்டில். இல்லை. எழுபதுக்கு மேல் தானாக இளைத்தால் கொழுப்போடு சதையும் சேர்ந்தே போகிறது.

முதலில் எடை. மாதம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், அதாவது 52 கிலோ 49.4 ஆனால், டாக்டரிடம் போங்கள். தைராய்டு, சர்க்கரை, காசநோய், மனச்சோர்வு, எதுவாகவும் இருக்கலாம். அம்மாவுக்குப் பல் செட் ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்த வாரமே பொரியல் தட்டுக்குத் திரும்பியது.

ஜப்பானில் 65 வயது தாண்டியவர்களுக்கு உடல் நிறை எண் (BMI, உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் கணக்கு) 21.5க்குக் குறையக்கூடாது என்கிறார்கள், 24.9 வரை போகலாம். 150 செ.மீ. உயரத்துக்கு அது 48 முதல் 56 கிலோ. அங்கே செய்யும் ஒரு சோதனையும் சுலபம்: உட்கார்ந்து, இரண்டு கைகளின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களை வளையமாக்கிக் கெண்டைக்காலின் பருத்த இடத்தைப் பிடிக்க வேண்டும். விரல் வளையத்துக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் சதை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கு விழுந்தது.

அப்புறம் சாப்பாடு. இறைச்சி, மீன், முட்டை, பால், சோயா, பச்சையும் மஞ்சளுமான காய்கறி, கடற்பாசி, கிழங்கு, பழம், எண்ணெய் என்று பத்துக் கட்டம் போட்டு, அன்று சாப்பிட்டதை டிக் செய்வது ஜப்பானிய முறை. அளவு முக்கியமில்லை, வகைதான் கணக்கு. நான் சோயாவுக்குப் பருப்பு, சுண்டலையும், கடற்பாசிக்குக் கேழ்வரகையும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். முதல் நாள் மூன்று டிக்.

வயதானவர்களால் நிறைய சாப்பிட முடியாது. அதனால் தட்டைப் பெரிதாக்காதீர்கள், இருப்பதிலேயே சேருங்கள். அடைமாவில் ஒரு பிடி முருங்கைக்கீரை. உப்புமாவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் 6 கிராம் புரதம். சுண்டலைக் குழைய வேகவைத்து மசித்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதம் கூட்ட வேண்டாம்.

இன்னொன்று, தனியாகச் சாப்பிட விடாதீர்கள். நான் சென்னையில் இருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் இருவரும் சேர்ந்தே சாப்பிடுகிறோம். நேற்று, “இன்னிக்கு ஏழுடி” என்று அந்தத் தாளை கேமராவுக்குக் காட்டினார். பழக் கட்டம் காலி. எதிர்வீட்டுக் கொய்யா பழுத்திருக்கிறதாம், காலையில் கேட்டு வாங்குகிறேன் என்றார்.