ஈமேக்ஸில் எண் கொடுத்து வேலை வாங்குவது எப்படி?

ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியில் ஒரு கோப்பில் இருபது பூஜ்ஜியம் வரிசையாக வேண்டியிருந்தது. வந்து விழுந்ததோ இருநூறு இடைவெளி. காரணம் பிடிபட ஒரு மாலையே போனது. ஈமேக்ஸைத் திறக்க, கோப்பைச் சேமிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கண்ட்ரோல்-யூ அழுத்தி விடுங்கள். 10 என்று அடியுங்கள். பிறகு கண்ட்ரோல்-என். கர்சர் பத்து வரி கீழே போய் நிற்கும். எழுத்துக்கும் அப்படியே: கண்ட்ரோல்-யூ, 40, நட்சத்திரக் குறி என்றால் நாற்பது நட்சத்திரம். எண்ணே தராவிட்டால் 4 என்று எடுத்துக்கொள்ளும், கண்ட்ரோல்-யூவை இரு முறை தட்டினால் 16. பாதியில் குழம்பினால் கண்ட்ரோல்-ஜி அடித்து ரத்து செய்யுங்கள்.

இப்போது நான் விழுந்த குழி. கண்ட்ரோல்-யூ, 20, அடுத்து 0 அடித்தேன். அந்த 0 நான் கேட்ட எழுத்து என்று ஈமேக்ஸுக்கு எப்படித் தெரியும்? எண் இன்னும் முடியவில்லை என்று நினைத்து 200 ஆக்கிக்கொண்டு காத்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லையே என்று ஸ்பேஸ்பாரைத் தட்டினேன். இருநூறு இடைவெளி! எண் முடிந்ததும் இன்னொரு முறை கண்ட்ரோல்-யூ அடிக்க வேண்டும். அதாவது கண்ட்ரோல்-யூ, 20, கண்ட்ரோல்-யூ, 0. இரண்டாவது கண்ட்ரோல்-யூ 'எண் இத்தோடு சரி' என்று சொல்வதற்கு. இலக்கங்களை நிரப்பும்போது மட்டும்தான் இந்தத் தொல்லை.

எண் என்றாலே 'இத்தனை முறை' என்றும் நினைத்துவிடாதீர்கள். வரியின் தொடக்கத்தில் நின்று வெறும் கண்ட்ரோல்-கே அடித்தால் எழுத்துகள் போய்க் காலி வரி மிஞ்சும். 1 கொடுத்து அடித்தால் வரியே போய்விடும். வரியின் நடுவில் நின்று 0 கொடுத்தால் வரியின் தொடக்கத்திலிருந்து கர்சர் வரை இருப்பது மட்டும் வெட்டுப்படும்.

எனக்குப் பிடித்தது எண்ணுக்குப் பதிலாகக் கழித்தல் குறி கொடுப்பதுதான். ஒரு ஆங்கிலச் சொல்லை அடித்து முடித்த பிறகுதான் அது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று உறைக்கும். ஆல்ட்-கழித்தல், ஆல்ட்-யூ. கர்சர் நின்ற இடத்திலேயே நிற்க, முந்தைய சொல் மாறிவிடும். (தமிழில் எழுதுபவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.)

ஓரிலக்க எண்ணுக்கு நான் கண்ட்ரோல்-யூ பக்கம் போவதில்லை. ஆல்ட்டைப் பிடித்தபடி 7 அடித்தால் போதும். இரண்டு மூன்று முறைக்கு எண்ணே வேண்டாம், விசையையே தட்டிவிடலாம்.

பின்சேர்க்கை: ஆல்ட்-7 அடித்தால் டெர்மினலில் வேறு டேப் திறக்கிறது என்கிறார் ஒருவர். சில டெர்மினல்கள் அந்த விசையைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. எஸ்கேப்பைத் தட்டி விட்டுவிட்டு 7 அடியுங்கள், அதே பலன்தான்.