எட்டாம் கிரேடு பியானோ: பீஸ் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மின் எட்டாம் கிரேடுக்கு என்னென்ன வாசிப்பது என்று பட்டியலோடு வருகிற பிள்ளைகளிடம், நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே குளறுபடிகளை இன்றும் பார்க்கிறேன். சிலபஸ் எந்த ஆண்டுக்கானது என்று பார், ரிப்பீட் வாசிக்க வேண்டுமா என்று விசாரி என்பதெல்லாம் இவ்வளவு தூரம் வந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சைக்குப் பல மாதம் முன்பே, பீஸை, அதாவது வாசிக்கப் போகும் இசைப் படைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்களே, அதைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன்.

பட்டியலுக்கு ஒன்று எடுத்தால் சமநிலை வந்துவிடும் என்று நம்புவது

பழைய சிலபஸில் ஏ, பி, சி பட்டியல்கள் ஏறக்குறைய காலவரிசைப்படி இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பீஸ் எடுத்தாலே பரோக், கிளாசிகல், அதற்குப் பிந்தைய காலம் என்று தானாகவே பிரிந்துவிடும். 2021 சிலபஸிலிருந்து பட்டியல்கள் இசையின் குணத்தை வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஏ-யில் விரல் சுறுசுறுப்பைக் கேட்கும் வேகமான பீஸ்கள், பி-யில் பாடும் தன்மை உள்ளவை, சி-யில் பலவகை மரபுகளும் பாணிகளும். ஆக, விதியை மீறாமலேயே மூன்றையும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து எடுத்துவிடலாம். வாசிப்பை வீடியோவாகப் பதிந்து அனுப்பும் பெர்ஃபாமன்ஸ் கிரேடில் நான்காவதாகச் சொந்தத் தேர்வு வேறு உண்டு. அதற்கும் மெதுவாகப் பாடும் ஒரு ஷோப்பன் நாக்டர்னைக் கொண்டுவந்து வைப்பார்கள். நாலும் பெடலில் நனைந்த பீஸ்கள். பெடல் இல்லாமல் இந்தப் பிள்ளையின் விரல் எப்படிப் பேசும் என்று கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.

பீஸ்களை அருகருகே வைத்து நான் பார்ப்பது இதைத்தான்: எதில் இரண்டு மூன்று குரல்கள் தனித்தனியாக நடக்கின்றன, எதில் மெட்டு மட்டும் பாடுகிறது, எது தாளத்தை நம்பி நிற்கிறது, எதில் மௌனத்துக்கு இடம் இருக்கிறது. ஒரே பதில் இரண்டு முறை வந்தால் ஒன்றை மாற்றச் சொல்வேன். கர்நாடக சங்கீதமும் சேர்ந்து கற்கிற பிள்ளைகளுக்கு மெட்டை நீட்டிப் பாடவைப்பது இயல்பாகவே வருகிறது. இடது கையின் குரலைத் தனி ஆளாகக் கேட்பதுதான் தாமதமாக வருகிறது. அவர்கள் பட்டியலில் பல குரல்கள் தனித்தனியே பின்னி வரும் ஒரு பாக் ஃபியூகோ அது மாதிரி ஒன்றோ இருந்தாக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அசத்துவதற்காக ஒரு பீஸ்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கஷ்டமான பீஸ் வாசித்தால் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்ற எண்ணத்தை யார் பரப்பினார்களோ தெரியவில்லை. அப்படி ஒரு விதி கிடையாது. ஒவ்வொரு பீஸுக்கும் 30 மதிப்பெண்தான், அது எவ்வளவு பயங்கரமான பீஸாக இருந்தாலும்.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி பாதித் தயாரிப்பில் என்னிடம் வந்தாள். பெர்ஃபாமன்ஸ் எட்டாம் கிரேடு. சொந்தத் தேர்வாக ஷோப்பனின் ஃபேண்டசி-இம்ப்ராம்ப்டு. வலது கை நாலு நோட்டு வாசிக்கும் நேரத்தில் இடது கை மூன்று வாசிக்க வேண்டிய பீஸ் அது. பல மாதம் அந்த நாலுக்கு மூன்றோடு மல்லுக்கட்டி ஒருவழியாக வேகத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஆனால் நடுவில் டி ஃபிளாட் மேஜருக்கு மாறி நிதானமாகப் பாடும் பகுதி வருமே, அங்கே இடது கை மெட்டைவிடச் சத்தமாக ஓடியது. அதை உட்கார்ந்து கேட்க அவளுக்கு நேரமே கிடைத்திருக்கவில்லை. ஏ பட்டியலுக்கு வைத்திருந்த ஹைடன் சொனாட்டாவின் தாளைத் திருப்பினேன். இரண்டாம் பக்கத்துக்கு அப்புறம் ஒரு இடத்தில்கூட விரல் எண் குறிக்கப்படவில்லை. தினமும் கடைசிப் பத்து நிமிடம்தான் ஹைடனுக்கு.

ஷோப்பனை மாற்றலாமா என்று கேட்டேன். அம்மா ஒப்பவில்லை. “மிஸ், இவளோட கிளாஸ்மேட் இதை வாசிச்சுத்தான் டிஸ்டிங்ஷன் வாங்கினா. இப்போ போய் மாத்தச் சொல்றீங்களே?” என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பாஸ் வந்தது, மெரிட் வரவில்லை. நாலு பீஸில் மிகக் குறைந்த மதிப்பெண் ஹைடனுக்கு. ஷோப்பன் ஓரளவு தப்பித்துக்கொண்டது. அதற்கான விலையை மற்ற மூன்றும் கொடுத்தன.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். பெர்ஃபாமன்ஸ் கிரேடில் நாலு பீஸுக்குத் தலா 30, நிகழ்ச்சி முழுமைக்கும் 30, ஆக 150. 100 பாஸ், 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். கைக்குப் பொருந்தும் நாலு பீஸுக்குத் தலா 26, முழுமைக்கும் 26 என்றால் 130. ஒரு பெரிய பீஸுக்கு 21, நேரம் கிடைக்காத மூன்றுக்கும் தலா 23, முழுமைக்கு 22 என்றால் 112-இல் நிற்போம். இரண்டாவது பிள்ளை முதல் பிள்ளையைவிடக் குறைவாகப் பயிற்சி செய்திருக்காது. அதுதான் என் ஆற்றாமை.

எட்டாம் கிரேடுக்கு அடுத்த படியான ஏஆர்எஸ்எம் டிப்ளமோவில் இதே தவறு இன்னும் வலிக்கும். அங்கே 30 நிமிட நிகழ்ச்சி. அதில் குறைந்தது 20 நிமிடம் அவர்கள் பட்டியலிலிருந்து வர வேண்டும். மிச்சம் எட்டாம் கிரேடு தரத்துக்குக் குறையாத சொந்தத் தேர்வாக இருக்கலாம். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்குள் ஆசைகளையெல்லாம் கொட்டுகிறார்கள்.

நான் வைக்கும் சோதனை எளியது. பீஸின் மிகக் கஷ்டமான பக்கத்தை முதலில் எடுங்கள், முதல் பக்கத்தை அல்ல. நாலு வாரத்தில் அந்தப் பக்கம் இரண்டு கையும் சேர்ந்து, மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில், தோள் இறுகாமல் வரவில்லையா? இந்தப் பரீட்சைக்கு அது வேண்டாம். பரீட்சை முடிந்த மறுநாள் ஆசை தீர வாசியுங்கள், நானே கூட உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

கை அகலத்தைப் பார்க்காமல் எடுப்பது

எட்டு வெள்ளைக் கட்டைகளைத் தாண்ட முடியாத சின்னக் கைக்கு ராக்மனினாஃபின் அடர்த்தியான கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் பல நோட்டுகள்) வலியைத்தான் தரும். எட்டாத இடத்தில் எப்போதாவது கார்டைப் பிரித்து வாசிக்கவோ ஒரு நோட்டை விடவோ ஏபிஆர்எஸ்எம் அனுமதிக்கிறது, இசை கெடாத வரைக்கும். பக்கத்துக்குப் பத்து இடத்தில் அப்படிச் செய்ய வேண்டியிருந்தால் அந்தப் பீஸ் உங்களுடையது இல்லை.

வீட்டுப் பியானோவை மறந்துவிடுவது

மிதித்தால் உண்டு, விட்டால் இல்லை என்று இரண்டே நிலை உள்ள பெடலை வைத்துக்கொண்டு டெபுஸ்ஸியை எடுக்காதீர்கள். பாதிப் பெடலை எங்கே பழகுவீர்கள்?

யூடியூப் வேகம்

அது அங்கே வாசிப்பவர்களுடைய வேகம், உங்களுடையது இல்லை.

எல்லோரும் வாசிக்கிறார்கள் என்பதால் எடுப்பது

எடுக்கலாம், உங்களுக்கும் பிடித்திருந்தால். எட்டு மாதம் தினமும் கேட்கப் போவது நீங்கள்தான்.

வரிசையைக் கடைசி வாரம் யோசிப்பது

பெர்ஃபாமன்ஸ் கிரேடில் நாலு பீஸும் ஒரே ஓட்டமாகப் பதிவாக வேண்டும், நடுவில் நிறுத்தி எடுக்க முடியாது. வரிசை உங்கள் இஷ்டம். அதனால் பீஸ்களைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே வரிசையையும் எழுதிவையுங்கள். மிக வேகமானதை முதலில் வைக்காதீர்கள், விரல் சூடேறியிருக்காது. மெதுவாகப் பாடும் பீஸ், கையை அதிகம் களைக்கவைக்கும் பீஸுக்கு அடுத்து வந்தால் முன்கைக்கு இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. கடைசியில் வருவது களைத்த கையாலும் நம்பி வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும். பதிவுக்கு ஆறு வாரம் முன்பிருந்தாவது வாரம் ஒருமுறை நாலையும் அதே வரிசையில், தவறு வந்தாலும் நிறுத்தாமல் வாசித்துவிடுங்கள்.