முதல் முட்டை பெட்டிக்குள்ளேயே விழ

பேட்டுக்கோழி முதல் நாலைந்து முட்டையை எங்கே இடுகிறதோ, அந்த இடத்தை இலேசில் விடாது. கிடுகு அடுக்கின் பின்னாலோ வடலிப் பற்றைக்குள்ளோ பழகிவிட்டால் பிறகு வளவு முழுக்கத் தேடித் திரிய வேண்டியதுதான். அதனால் முட்டைப்பெட்டி இரண்டு மூன்று கிழமைக்கு முன்னரே கூட்டுக்குள் இருக்க வேண்டும்.

முட்டைக்கென்றே வளர்க்கும் மண்ணிற லேயர் பேடுகள் 18 முதல் 20 வாரத்தில் இடத் தொடங்கும். ஊர்க்கோழிக்கு ஆறு மாதமாவது செல்லும். நாள் எண்ணுவதைவிடக் கோழியைப் பார்ப்பது நல்லது. கொண்டையும் தாடியும் சிவந்து தடிக்கும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் இறக்கையை விரித்துப் பதுங்கும். மூலை முடுக்கெல்லாம் எட்டிப் பார்க்கும். இதைக் கண்டால் முட்டை கிட்டவந்துவிட்டது.

பெட்டி நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒவ்வொரு அடி. நாலைந்து கோழிக்கு ஒன்று காணும். பழைய பழப்பெட்டியே போதும். வாசலின் அடியில் நாலு அங்குலப் பலகை ஒன்றைக் குறுக்கே அடித்துவிட்டால் வைக்கல் வெளியே சிந்தாது. கூட்டின் இருட்டான பக்கத்தில், கோழி உறங்கும் தடியைவிடத் தாழ்வாக வையுங்கள். உயர்ந்த இடத்தில்தான் கோழி படுக்கும். பெட்டி உயரத்தில் இருந்தால் இரவெல்லாம் அதற்குள் எச்சமிட்டு வைக்கும். உள்ளே ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைப் போட்டு வையுங்கள். வேறு கோழி இட்ட இடமென்று நம்பி உட்காரும். பெரும்பாலும் முற்பகலிலேயே இடுவதால், முதல் இரண்டு கிழமை பதினொரு மணிவரை கூட்டைத் திறக்க வேண்டாம். கத்தும், பரவாயில்லை.

கொண்டை சிவக்கும்வரை வளரும் கோழிக்கான குறோவர் தீன், அதன்பின் முட்டையிடும் கோழிக்கான லேயர் தீன். அவசரப்பட்டு முன்னரே மாற்றினால் அதிலுள்ள கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இடும் லேயர் கோழிக்கு நாளொன்றுக்கு 110 கிராம் அளவு. குறுணலும் மிஞ்சிய சோறும் மட்டும் போட்டு முட்டையை எதிர்பார்க்க முடியாது. நொறுக்கிய சிப்பி ஓட்டைத் தீனோடு கலக்காமல் தனிப் பேணியில் வையுங்கள், வேண்டியதைத் தானே கொத்தும். சித்திரை வெயிலில் ஒரு கோழி அரை லீற்றர் தண்ணீர்கூடக் குடிக்கும். ஒரு பகல் தண்ணீர் இல்லாமற் போனால் முட்டை சில நாளுக்கு நின்றுவிடலாம்.

மாரியில் வாடைக்காற்று அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகால் மறையுங்கள். கூட்டுத் தரையில் பரப்பிய உமி நனைந்து கிடந்தால் இரத்தக் கழிச்சல் வரும். கீரிக்கும் பாம்புக்கும் அரை அங்குலச் சதுரவலைதான் சரி. அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், கள்ளனை வெளியே நிறுத்தாது.

முதல் முட்டைகள் சின்னதாக, சிலவேளை ஓடில்லாமல் தோல் மட்டுமாக, மேலே இரத்தக் கீற்றோடு வரும். இரண்டு மூன்று கிழமையில் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் ஓடு மெலிதென்றால் சிப்பிப் பேணியைப் பாருங்கள். மத்தியானமும் பின்னேரமும் எடுங்கள். உடைந்ததை உடனே அகற்றுங்கள். ஒருமுறை ருசி கண்ட கோழி மற்ற முட்டையையும் கொத்தும். பச்சைத் தண்ணீரில் கழுவினால் ஓட்டின் நுண்துளைகள் வழியே அழுக்கு உள்ளே இழுபடும். உலர்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்க அடுக்குங்கள்.

பற்றைக்குள் ஒளித்த முட்டை அகப்பட்டால் வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். அடியில் படுத்தால் புதிது, நிமிர்ந்து நின்றால் பழசு, தனிக் கோப்பையில் உடைத்துப் பார்த்துச் சமையுங்கள், மிதந்தால் எறிந்துவிடுங்கள்.