உகாண்டாவுக்குக் குழந்தையோடு வருபவர்களுக்கு: முதலில் மலேரியா

சர்க்கரை ஆலை, கட்டுமானம், கணக்கு, பள்ளி ஆசிரியர் என்று ஏதோ ஒரு வேலைக்காக உகாண்டா வரும் நம் ஆட்கள் முதல் வாரத்தில் கேட்பது பெரும்பாலும் மூன்றுதான்: நல்ல பள்ளிக்கூடம் எது, பொன்னி அரிசி எங்கே கிடைக்கும், ஊருக்குப் பணம் அனுப்புவது எப்படி. இதற்கெல்லாம் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. குழந்தையோடு வருகிறீர்கள் என்றால் அதற்கு முன் மலேரியாவைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். (விமானம் ஏறும் முன் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டிருப்பீர்கள். அதற்கும் மலேரியாவுக்கும் சம்பந்தம் இல்லை. "அதான் ஊசி போட்டாச்சே" என்பவர்களை இன்னும் பார்க்கிறேன்.)

அலுவலகத்தில் உள்ளூர் நண்பர்கள், "மலேரியாவா? ஜலதோஷம் மாதிரிதான், மூன்று நாள் மாத்திரை" என்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. சிறு வயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்து, உடம்பு ஓரளவு பழகிவிட்டது. அந்தப் பழக்கம் வருவதற்கு முந்தைய வயதில்தான் ஆபத்து. 2023இல் ஆப்பிரிக்காவில் மலேரியாவால் இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நமக்கு அந்த எதிர்ப்பு எந்த வயதிலும் இல்லை. சென்னையில் எப்போதோ மலேரியா வந்திருந்தாலும் அது அநேகமாக வைவாக்ஸ் வகையாக இருந்திருக்கும்; இங்கே இருப்பது மூளை வரை போகக்கூடிய ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வகை. ஆக, உங்கள் பத்து வயது மகளும் நாற்பது வயது நீங்களும் இந்த ஒட்டுண்ணியின் கணக்கில் இங்கே பிறந்த இரண்டு வயதுக் குழந்தைதான்.

அதனால் இங்குள்ள பிள்ளைகளில் யாருக்கு அதிகம் வருகிறது என்று பார்த்தால், நம் வீட்டில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதல் விஷயம் இடம். 2018-19 தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நாடு முழுவதும் சேர்த்து 9 சதவீதம் பேரிடம் ஒட்டுண்ணி இருந்தது. தலைநகர் கம்பாலாவில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஜின்ஜாவும் கரும்புத் தோட்டங்களும் இருக்கும் புசோகாவில் 21, வடகிழக்கே கரமோஜாவில் 34. கம்பாலாவில் வேலை என்றால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அங்கே வளரும் பிள்ளைகளுக்கு மலேரியா வருவது பல நேரம் பாட்டி ஊருக்குப் போய்வந்த பிறகுதான். நமக்கு அந்தப் பாட்டி ஊர், வார இறுதியில் போகும் மர்ச்சிசன் அருவி.

இரண்டாவது வீடு. மண் சுவர், புல் கூரை, சுவருக்கும் கூரைக்கும் நடுவே திறந்த இடைவெளி. இந்த மாதிரி வீட்டில் வளரும் குழந்தைக்கு, தகரக் கூரை போட்டு இடைவெளியை அடைத்த பக்கத்து வீட்டுக் குழந்தையைவிட மலேரியா அதிகம் வருகிறது. மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு சுவரில் மோதினால் மேலே ஏறி அந்த இடைவெளி வழியாகத்தான் நுழையும். நமக்குக் கிடைக்கும் வாடகை வீடு செங்கல், ஓடு, கிரில் என்று பார்க்க ஜோராக இருக்கும். அண்ணாந்து பாருங்கள். ஜன்னலுக்கு மேலே காற்றுக்காக இரண்டு மூன்று துளை விட்டுக் கட்டியிருப்பார்கள். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்துவிட்டு அந்தத் துளையை விட்டுவிடுவது இங்கே சர்வசாதாரணம். வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுக்கும் முன்பே அதற்கு வலை அடித்துத் தரச் சொல்லுங்கள். பிறகு சொன்னால் நடக்காது.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர் டெங்குப் பாடம் பாதிதான் உதவும். டயரையும் பூந்தொட்டியையும் கவிழ்ப்பது ஏடிஸ் கொசுவுக்கு. இங்குள்ள அனோஃபிலிஸ் வெயில் படும் சின்னக் குட்டைகளில் முட்டையிடும்: லாரிச் சக்கரத் தடம், மாட்டுக் குளம்பு பதிந்த குழி, செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம், நெல் வயல். மார்ச் முதல் மே வரையிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மழை. அதையொட்டிக் காய்ச்சல் ஏறும். பக்கத்தில் செங்கல் சூளையோ சதுப்போ இருந்தால், வாடகை குறைவு என்றாலும் அந்த வீடு வேண்டாம்.

அப்புறம் தூக்கம். ஜின்ஜாவுக்கு வெளியே ஒரு கூலிக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு மேலே அரசு கொடுத்த மருந்து தோய்த்த வலை; உள்ளே அம்மாவும் கைக்குழந்தையும். மூத்த பிள்ளைகள் முன்னறையில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பாயில் படுக்கிறார்கள். அங்கே வலையைக் கட்ட ஆணி இல்லை, காலையில் கழற்றி வைக்கவும் ஆள் இல்லை. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள்தான் வலைக்குள் குறைவாகத் தூங்குகிறவர்கள். காய்ச்சல் இல்லாமலே ஒட்டுண்ணியைச் சுமப்பவர்களும் அவர்களே. நம் வளாகத்தின் பின்னால் இருக்கும் வேலையாட்கள் குவார்ட்டர்ஸிலும் இதே கதைதான். காவலாளியின் பிள்ளையைக் கடித்த கொசு ஒட்டுண்ணியோடு நம் ஜன்னலுக்கும் வரும். அவர்கள் அறைக்கும் வலை வாங்கிக் கொடுங்கள். இதைத் தர்மமாக நினைக்க வேண்டாம், நம் வீட்டுச் செலவுதான். உங்கள் வலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், ஓட்டை விழுந்தால் அன்றே தையுங்கள். இந்தக் கொசு கடிப்பது பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு, சத்தமில்லாமல்.

கடைசியாக, ஆனால் உயிர் போவது இதில்தான்: தாமதம். கிராமத்தில் சுகாதார நிலையம் தூரம், போடா போடாவுக்கு (வாடகை மோட்டார் சைக்கிள்) காசு இல்லை, கடையில் வாங்கிய பாரசிட்டமாலில் ஒரு நாள் போய்விடுகிறது. நமக்குக் காசும் காரும் இருக்கின்றன. தாமதம் வேறு வழியில் வருகிறது. நிலவேம்புக் கஷாயம் கொடுத்துப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம், ஊரில் டாக்டர் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப் போடுவோம். வேண்டாம். காய்ச்சல் வந்த அன்றே இரத்தப் பரிசோதனை. சின்னக் குழந்தைக்கு ஒரே நாளில் நிலைமை முற்றிவிடலாம். வலிப்பு, எழுப்பினால் எழாமல் துவளுதல், பால்கூடக் குடிக்காதது, மூச்சு வாங்குவது, கறுத்த சிறுநீர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே நேராகப் பெரிய மருத்துவமனை. அங்கே முற்றிய மலேரியாவுக்குப் போடும் ஆர்டிசுனேட் ஊசி இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

சாதாரண மலேரியா என்றால் பெரும்பாலும் கோஆர்ட்டெம் என்ற மாத்திரை தருவார்கள்: மூன்று நாளில் ஆறு வேளை. பால் மாதிரிக் கொழுப்புள்ள எதையாவது சாப்பிட்டுவிட்டு எடுத்தால்தான் மருந்து உடம்பில் சேரும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாதீர்கள். குணமான சில வாரங்களுக்குள் மறுபடி காய்ச்சல் வந்தால் ஸ்லைடு (இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். ரேப்பிட் டெஸ்ட் பழைய மலேரியாவுக்கே பாசிட்டிவ் காட்டிக்கொண்டிருக்கும்.

கைக்குழந்தை இருந்தால் தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து உகாண்டாவில் 6, 7, 8, 18ஆம் மாதங்களில் போடுகிறார்கள். புனேயில் தயாராகும் ஆர்21 தான். முழுப் பாதுகாப்பு கிடையாது, வலை அப்படியே தொடர வேண்டும். மற்றவர்களுக்குத் தடுப்பு மாத்திரை வேண்டுமா, எத்தனை மாதத்துக்கு என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போய் அங்கே காய்ச்சல் வந்தால், "உகாண்டாவிலிருந்து வந்திருக்கிறோம், மலேரியா பாருங்கள்" என்று நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். மலேரியாவிலும் பிளேட்லெட் இறங்கும்; நம் ஊரில் அதைப் பார்த்ததும் டெங்கு என்றுதான் நினைப்பார்கள்.