நேதாஜி படையில் மடிந்த இளைஞருக்கு வீட்டில் நினைவு எடுப்பது எப்படி

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழ் இளைஞர்களில் பலர், தாய்நாட்டு மண்ணை மிதிக்காமலேயே அதன் விடுதலைக்காகப் பர்மாவில் உயிர் விட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறை இல்லை. போரில் பட்டவனுக்கு நடுகல் எடுத்த நம் முன்னோர் அதில் பெயரும் பீடும் பொறித்தார்கள். உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு நீங்கள் செய்ய வேண்டியதும் அந்த இரண்டுதான்.

முதலில் பெயர். பழைய பட்டியல்களில் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில், எழுதியவரின் காதுக்கு எட்டியபடி பதிவாகியிருக்கும். கருப்பையா என்ற ஒரே பெயர் நான்கு விதமாக வரலாம். ஆகவே தந்தை பெயர், பூர்வீகக் கிராமம், வேலை பார்த்த தோட்டம் ஆகிய மூன்றையும் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே தேடத் தொடங்குங்கள். புது தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்த இராணுவம் தொடர்பான கோப்புகள் உள்ளன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்தை வாழ்ந்தவர்களின் வாய்மொழிப் பதிவுகள் உள்ளன. ஆனால் பல குடும்பங்களில் மிகப் பயனுள்ள தாள் வீட்டுப் பெட்டியிலேயே கிடக்கிறது. தியாகி ஓய்வூதியத்துக்கு எவரேனும் விண்ணப்பித்திருந்தால், அதன் நகலில் படைப்பிரிவும், உடனிருந்தவர்களின் சான்றும் இருக்கக்கூடும்.

அடுத்தது பீடு, அதாவது அவர் செய்தது என்ன என்பது. இங்கே அவசரம் கூடாது. "இம்பாலில் இறந்தார்" என்றுதான் பல வீடுகளில் சொல்வார்கள். அதை அப்படியே கல்லில் வெட்டுவதற்கு முன், அவர் எப்போது சேர்ந்தார் என்று விசாரியுங்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் தலைமை ஏற்ற பிறகு சேர்ந்த தோட்டத்து இளைஞர் என்றால், அவர் 1944 இல் இம்பால் பக்கம் போகாமல், 1945 இல் ஐராவதி ஆற்றங்கரையிலோ போப்பா மலைப் பகுதியிலோ போரிட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. குண்டு பட்டு இறக்காமல், பின்வாங்கும் வழியில் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் மிகப் பலர். அது குறைவான சாவு அல்ல என்பதால் அதை மறைத்து எழுதாதீர்கள்.

படம் இருந்தால் அதைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. ஆண்டுதோறும் கண்ணாடியின் மேல் வைக்கும் சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு ஓரத்தில் இறங்கி, தொப்பியையும் தோள்பட்டையையும் கறையாக்கிவிடும். படைப்பிரிவை அறிய உதவும் அடையாளங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நகல் எடுத்து அதற்கு மாலை இடுங்கள், மூலப்படத்தை உலர்ந்த காகித உறையில் வையுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயலாமல் அப்படியே ஒளிப்படம் எடுங்கள். கடிதங்களுக்கு லேமினேஷனும் செல்லோடேப்பும் வேண்டவே வேண்டாம்.

நாள் தெரியாதவருக்குத் திதி கொடுக்கும் வீடுகளில் புரட்டாசி மகாளய அமாவாசையைக் கொள்வது வழக்கம். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் தத்தம் முறைப்படி வேண்டுதல் செய்யலாம். எல்லோருக்கும் பொதுவான நாள் வேண்டுமென்றால், சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்ட அக்டோபர் 21 பொருத்தமானது.

பயணம் போக முடிந்தவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். மணிப்பூரின் மொய்ராங்கில் இந்தப் படைக்கான நினைவிடமும் அருங்காட்சியகமும் உள்ளன. சிங்கப்பூர் எஸ்பிளனேடு பூங்காவில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். அது நின்ற இடத்தைக் காட்டும் பலகை 1995 இல் வைக்கப்பட்டது. பிள்ளைகளை அழைத்துச் சென்று, அங்கே அவர் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்ல வையுங்கள்.

ஊரில் கல் வைப்பதானால் வாசகம் சுருக்கமாக இருக்கட்டும்: பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர், தோட்டம், சேர்ந்த ஆண்டு. உறுதிப்படாத எதையும் வெட்ட வேண்டாம். இறந்த நாள் தெரியவில்லை என்றால் அந்த வரியில் ஒரு சாண் இடத்தை வெறுமையாக விட்டுவைக்கும்படி கல்தச்சரிடம் சொல்லுங்கள். என்றாவது ஒரு தாள் கிடைத்தால் உளி அந்த இடத்துக்குத் திரும்ப வரலாம்.